பழைய டிரெய்லரை வாங்கியவர் அதை என்ன செய்யலாம்?

காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீட்டை அமெரிக்கர்கள் டிராவல் டிரெய்லர் என்கிறார்கள். அதற்கென்று தனி எஞ்சின் கிடையாது. படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவன் வேறு வகை. டிராவல் டிரெய்லர் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்கும் இரவில் படுப்பதற்கும் ஆனது. 1940களிலிருந்து 1970கள் வரை செய்யப்பட்ட டிரெய்லர்களைக் கொட்டகையிலும் வயல் ஓரத்திலும் தேடிப் பிடித்து வாங்குவோர் அங்கே ஏராளம். வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கேள்வி எழுகிறது. வந்தபடியே வைத்துக்கொள்வதா, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த நிலைக்குக் கொண்டுபோவதா, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்றைய வசதிகளோடு கட்டுவதா?

இந்தக் கேள்வி டிரெய்லரைவிட மூத்தது. பழைய தேவாலயங்களைப் புதுப்பிப்பது பற்றி 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதே சண்டைதான் நடந்தது. புதுப்பித்தல் என்பதே ஒரு வகை அழிவு என்று ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1849இல் எழுதினார். பிரான்ஸின் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக்கோ, கட்டடத்தை எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக் கொண்டுவருவதையும் புதுப்பித்தல் என்றே கொண்டார். வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ரஸ்கின் பக்கம் நின்றது. இன்று அமெரிக்க உள்துறை அமைச்சகம் வரலாற்றுக் கட்டடங்களுக்கு வகுத்துள்ள நெறிகள் பாதுகாத்தல், பயன்பாட்டுக்கேற்ப மாற்றுதல், முன்னிலைக்கு மீட்டல், மறுபடி கட்டுதல் என நான்கு வழிகளைப் பிரித்துக் காட்டுகின்றன. டிரெய்லர் பிரியர்களின் வாதங்களும் ஏறக்குறைய இந்த நான்குக்குள் அடங்கிவிடும். ஒரே வித்தியாசம், தேவாலயம் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடுவதில்லை. விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அந்த வித்தியாசம்தான்.

மூன்று வகை உடம்பு

அமெரிக்காவில் கார் பரவிய வேகத்திலேயே டிரெய்லரும் பரவியது. 1913இல் செய்யப்பட்ட ஏர்ல் டிரெய்லர் இன்றும் இண்டியானா மாநிலம் எல்க்ஹார்ட்டில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1919இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரப் பூங்கா ஒன்றில் கூடாரமடித்திருந்த கார்ப் பயணிகள் சேர்ந்து ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 1930களின் பொருளாதார மந்தத்திலும் இந்தத் தொழில் வளர்ந்தது. இருபது ஆண்டுகளில் பாதி அமெரிக்கா டிரெய்லரில் குடியிருக்கும் என்று ரோஜர் பாப்ஸன் என்ற பொருளாதாரக் கணிப்பாளர் அப்போது சொன்னார். அவர் கணிப்பு பொய்த்தாலும், அன்றைய மோகத்தின் அளவை அது காட்டுகிறது.

எந்த ஆலோசனை எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பது அதன் உடம்பைப் பொறுத்தது. முதல் வகை விமானத் தொழிலிலிருந்து வந்தது. லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட ஹாலி போலஸ், 1934இல் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து ஒரு டிரெய்லர் செய்தார். அந்த வழியில் வாலி பையமின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936இல் ‘கிளிப்பர்’ என்ற வண்டியை 1,200 டாலருக்கு விற்றது. போருக்குப் பிறகு டல்சா நகரின் ஸ்பார்ட்டன் விமான ஆலையும் இதே முறையில் டிரெய்லர் செய்தது. இவற்றில் தனிச் சட்டகம் பாரம் தாங்குவது குறைவு, தகடே தாங்குகிறது.

இரண்டாவது வகைதான் எண்ணிக்கையில் அதிகம். மெல்லிய மரச்சட்டங்களால் கூடு கட்டி, வெளியே அலுமினியத் தகடும் உள்ளே பிளைவுட்டும் அடித்து முடித்த வண்டிகள் இவை. பக்கவாட்டில் பன்றியிறைச்சி டப்பா போலத் தெரிவதால் இவற்றுக்கு ‘கேன்ட் ஹாம்’ என்று செல்லப்பெயர். பின்பக்கம் சிறகு வைத்த ஷாஸ்டா இந்த வகைதான். மூன்றாவது வகை 1968இல் கனடாவின் வின்னிபெக்கில் தொடங்கிய போலர் போன்ற ஃபைபர் கிளாஸ் முட்டைகள். மேலோடும் கீழோடும் நடுவில் ஒரே பட்டையில் சேர்வதால், மற்ற இரண்டைவிட இவற்றில் தண்ணீர் நுழைய வழி குறைவு.

1973 எண்ணெய் நெருக்கடியில் பல தயாரிப்பாளர்கள் கடையை மூடினார்கள். பல ஆண்டுகள் கழித்து ஏக்கம் திரும்பி வந்தது. ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ 1998இல் உயிர்பெற்றது. அடுத்த ஆண்டு, பழைய டிரெய்லர்களோடு பெண்கள் மட்டும் சேர்ந்து பயணம் போகும் ‘சிஸ்டர்ஸ் ஆன் தி ஃப்ளை’ தொடங்கியது. நாம் பார்க்கப் போகும் மூன்று கட்சிகளும் பெரும்பாலும் இந்த இரண்டாம் அலையில் உருவானவை.

அன்று இருந்தபடியே

முதல் கட்சி பழைய கார் சேகரிப்பாளர்களிடமிருந்து வந்தது. அவர்களுக்கு ஒரு வண்டியின் மதிப்பு அது பிறந்த நாளின் நிலையில் இருக்கிறது. 1950களின் கேன்ட் ஹாமின் உட்சுவர் பிர்ச் பிளைவுட். அதன் தேன் நிறம் அரக்கு வார்னிஷால் வந்தது. (உலகச் சந்தைக்கு அரக்கை அதிகம் அனுப்பிய நாடு இந்தியா என்பதை அந்தச் சுவரைத் தடவிப் பார்க்கும் எத்தனை பேர் அறிவார்களோ.) இந்தக் கட்சியினர் இன்றும் பாலியூரித்தேனைத் தொடாமல் அரக்கையே பூசுவார்கள். பழைய ஏர்ஸ்ட்ரீம்களின் உட்புறத்தில் ஸோலடோன் என்ற புள்ளிபுள்ளியான வண்ணப் பூச்சைத் தேடிப் பிடிப்பார்கள். ஒரு ஜன்னல் கைப்பிடிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். இந்த உழைப்பால் ஓர் உண்மையான பயன் உண்டு. கைவிடப்பட்ட உதிரிபாகங்களை மறுபடி வார்த்துத் தரும் சிறு பட்டறைகள் இவர்களை நம்பித்தான் பிழைக்கின்றன. மற்ற இரண்டு கட்சிகளும் அதே பட்டறைகளில்தான் பொருள் வாங்குகின்றன.

பலவீனம், ‘அன்று’ என்பது எது என்பதில் இருக்கிறது. சிறு ஆலைகள் அந்த வாரம் கிடைத்த மரத்தையும் துணியையும் வைத்து வண்டி செய்தன. பல ஆலைகளின் ஆவணங்கள் மிஞ்சவில்லை. எனவே ‘ஒரிஜினல்’ என்று சொல்லப்படுவது பல சமயம் இன்னொரு சேகரிப்பாளரின் வண்டியைப் பார்த்துச் செய்த ஊகம்.

பளபளப்பு இன்னும் சிக்கலானது. பழைய ஏர்ஸ்ட்ரீம் தகடு பெரும்பாலும் 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள, வலுவான அலுமினியக் கலவை. அதன் இரு முகங்களிலும் தூய அலுமினியம் மெல்லிய படலமாக ஒட்டப்பட்டிருக்கும். படலம் ஒரு பக்கத்துக்குக் கனத்தில் சுமார் 5 சதவீதம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. உள்ளிருக்கும் கலவை எளிதில் அரிக்கும். அதைக் காப்பது இந்தப் படலம்தான். கரடான பாலிஷ் போட்டு முகம் தெரியத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் போவது அந்தப் படலம். கண்ணாடிப் பளபளப்பு ஆலையிலிருந்தே வந்ததா என்பதும் விவாதத்துக்குரியது. ஆலையில் இருந்ததைவிட அதிகமாக மினுக்குவதை மீட்பு என்று சொல்வதைவிட, வியோலே-லெ-டுக்கின் வழி என்று சொல்வது பொருந்தும்.

வசதிக் குறைவும் இந்தக் கட்சியைத் துரத்துகிறது. 1950களின் சிறு டிரெய்லர்களில் பலவற்றில் கழிவறை கிடையாது. ஐஸ் கட்டி வைக்கும் பெட்டிதான் ஃபிரிட்ஜ். அப்படியே மீட்டவர் அப்படியே வாழவும் வேண்டும்.

பிடுங்கிக் கட்டுவோர்

இரண்டாவது கட்சி இந்த நூற்றாண்டில் வேகம் பிடித்தது. டிரெய்லரில் குடியிருக்க வந்தவர்கள், அதில் காபிக் கடை வைப்பவர்கள், வாடகைக்கு விடுபவர்கள் என இவர்களின் தேவை அன்றாடத் தேவை. பழைய இன்சுலேஷனில் எலிக்கூடும் எலிச் சிறுநீரும் நிறைந்திருக்கின்றன, வயரிங்கில் எர்த் இல்லை, பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பது இவர்கள் வாதம். 1978இல்தான் அமெரிக்கா வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தைத் தடைசெய்தது. எலியைப் பற்றிய அச்சமும் வீண் அச்சம் அல்ல. அமெரிக்காவின் மான் எலிகள் பரப்பும் ஹான்டா வைரஸ் நுரையீரல் நோய் 1993இல் தென்மேற்கு மாநிலங்களில் கண்டறியப்பட்டது. எலி இருந்த இடத்தைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது. பிளீச் கரைசலால் நனைத்த பிறகே துடைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. உடைந்த கொட்டகையில் நின்ற வண்டியை வாங்குபவர் முதலில் தேட வேண்டியது முகக்கவசம்.

இந்தக் கட்சியின் பிழைகள் பொறியியல் பிழைகள். ஏர்ஸ்ட்ரீமின் உள்தகடு அலங்காரத்துக்காக மட்டும் வைத்தது அல்ல. வெளித்தகட்டோடு சேர்ந்து அதுவும் கூட்டை விறைப்பாக நிறுத்துகிறது. அதைக் கழற்றிவிட்டு மரப்பலகை வரிசை அடிப்பவர்கள், தெரியாமலே பாரம் தாங்கும் உறுப்பொன்றை எடுத்துவிடுகிறார்கள். அடுத்து எடை. வீட்டுச் சமையலறையின் கல் மேடையும் தரை டைலும் சேர்ந்தால் ஆக்சில் தாங்கும் அளவைத் தாண்டுவது எளிது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது பொது விதி. கனமான பொருள்களைப் பின்பக்கம் கொண்டுபோனால் முன்பக்கம் லேசாகி, வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். அழகாகப் படம் பிடிக்கப்பட்ட பல புதுப்பிப்புகளில் எடைமேடைக்குப் போன சான்று இருப்பதில்லை.

நாகரிகம் பழசாகும் என்பது மற்றொரு குறை. முன்பு எங்கும் வெள்ளைச் சுவரும் சாம்பல் தரையும் இருந்தன. இப்போதே அது ஒரு காலத்தின் முத்திரையாகத் தெரிகிறது. 1970களில் நடந்ததும் இதுதான். அப்போதைய உரிமையாளர்கள் 1950களின் பிர்ச் சுவரின் மேல் மரக்கோலத் தாளை ஒட்டினார்கள். இன்றைய மீட்பாளர்கள் அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கை வைக்காதவர்கள்

மூன்றாவது கட்சி சிறியது, கருத்தளவில் கூர்மையானது. நிறம் மங்கிய தகடும் நைந்த திரையும்கூட வரலாறுதான். ஒரு பொருள் ஒருமுறைதான் அசலாக இருக்க முடியும் என்பது இவர்கள் நிலை. தேவையானதை மட்டும் செய்வது, செய்ததைப் பின்னால் கழற்ற முடியும்படி செய்வது, எல்லாவற்றையும் பதிவு செய்வது என்ற அருங்காட்சியக நெறி இங்கே வருகிறது. அரிசோனாவின் பிஸ்பீ நகரில் உள்ள ‘ஷேடி டெல்’ விடுதியில் பழைய டிரெய்லர்கள் நிறுத்திய இடத்திலேயே அறைகளாக வாடகைக்குப் போகின்றன. நகராத வண்டிக்கு இந்த நெறி நன்றாகவே பொருந்துகிறது. நகரும் வண்டிக்கு அந்த அளவு பொருந்துவதில்லை. பழைய டயரையும் பழைய பிரேக்கையும் பாதுகாக்கிறேன் என்று சாலைக்கு வருபவர் தன்னோடு சேர்த்து எதிரில் வருபவரையும் பணயம் வைக்கிறார்.

நான்காவதாக ஒரு குறுக்கு வழியும் சோதிக்கப்பட்டது. ஷாஸ்டாவின் இன்றைய உரிமையாளர்கள் 1961 மாதிரியைப் போலவே புதிய வண்டிகளை 2015இல் வெளியிட்டார்கள்; நிறுவனம் தொடங்கிய ஆண்டைக் குறிக்க 1,941 வண்டிகள் மட்டும். பழைய தோற்றம் வேண்டும், பழைய தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கான பதில் இது. இதைத் தனிக் கட்சியாகக் கொள்ளுமளவுக்கு அது வளரவில்லை.

தண்ணீர்

மூன்று கட்சிகளும் தோற்றத்தைப் பற்றிப் பேசுகின்றன. பழைய டிரெய்லரைக் கொல்வது தண்ணீர். கேன்ட் ஹாமில் பக்கத் தகடும் கூரைத் தகடும் சந்திக்கும் மூலையில் ஓர் அலுமினியப் பட்டை ஓடும். அதன் அடியில் களிம்பு நாடா. சில பத்தாண்டுகளில் நாடா காய்ந்து வெடிக்கிறது. மழைநீர் திருகாணித் துளை வழியாக மரச்சட்டத்துக்குள் போகிறது. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காததால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. உள்ளே சட்டம் மாவாக உளுத்துவிடுகிறது. சில இடங்களில் தகடும் பழக்கமும்தான் சுவரை நிறுத்தி வைத்திருக்கின்றன.

எனவே விவரம் தெரிந்தவர்கள் கண்ணைவிடக் கட்டைவிரலை நம்புகிறார்கள். முன் ஜன்னலுக்குக் கீழே, பின் மூலைகளில், கூரைக் காற்றுத் துவாரத்தைச் சுற்றி, படுக்கைப் பெட்டிக்குள் தரை சுவரைத் தொடும் இடத்தில் அழுத்துகிறார்கள். பிளைவுட் கருத்திருந்தால் தண்ணீர் வந்திருக்கிறது. அமுங்கினால் வந்து தங்கியே இருந்திருக்கிறது. புதிதாகப் பெயிண்ட் அடித்த உட்சுவர் நம்பிக்கை தரும் அறிகுறி அல்ல. கூரை முழுக்க சிலிகான் பூசிய வண்டியும் அப்படியே. சிலிகான் மேல் வேறு களிம்பு ஒட்டாது. பின்னால் ஒழுங்காக வேலை செய்பவர் முதலில் அதைச் சுரண்டி எடுக்கவே நாள்கணக்கில் உழைக்க வேண்டும்.

ஏர்ஸ்ட்ரீமில் தண்ணீர் வேறு வழியில் வேலை செய்கிறது. வெளிக்கூடு, பிளைவுட் தரை, இரும்புச் சேசிஸ் மூன்றும் ஓரத்தில் போல்ட்டால் சேர்ந்திருக்கும். பின் பம்பர் அருகே நீர் தேங்கி, அந்த இடத்துப் பிளைவுட் அழுகிவிட்டால் போல்ட் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியமும் அரிக்கும். குளியலறையும் தொட்டிகளும் பின்பக்கம் வைக்கப்பட்ட 1970களின் நீள மாதிரிகளில் கூடும் சேசிஸும் இப்படிப் பிரிவது அடிக்கடி பேசப்படுகிறது. சோதனை எளியது. ஒருவர் பின் பம்பரில் ஏறி நின்று மெதுவாகக் குதிக்க, இன்னொருவர் கூட்டின் கீழ் விளிம்பைப் பார்க்க வேண்டும். பம்பர் இறங்கிக் கூடு இறங்காமல் நின்றால் இரண்டும் பிரிந்துவிட்டன. வெளிப்பளபளப்பு எப்படி இருந்தாலும் அந்த வண்டிக்குத் தரை முழுவதையும் எடுக்கும் வேலை காத்திருக்கிறது.

அந்த வேலை வந்துவிட்டால் கட்சிச் சண்டை பாதி தீர்ந்துபோகிறது. உளுத்த சட்டத்தைப் பாதுகாக்க முடியாது; அதை மாற்ற உட்சுவரைக் கழற்றியே ஆக வேண்டும். மீட்பாளரும் மாற்றுபவரும் அந்த இடத்தில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். திரும்பச் சுவர் அடிக்கும்போதுதான் பிரிகிறார்கள்.

சக்கரமும் கேஸும்

இங்கே விவாதத்துக்கு இடம் குறைவு. டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன் வயதாகிச் சாகும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கக் குறியீடு அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். ஐந்தாறு ஆண்டு தாண்டியதை மாற்றிவிடுவதே வழக்கம். 1960களின் தொடக்கத்திலிருந்து ஏர்ஸ்ட்ரீமில் வந்த ஆக்சிலுக்குள் ரப்பர் தண்டுகள் இருக்கும். முப்பது ஆண்டுகளில் ரப்பர் இறுகி அதிர்ச்சி தாங்குவதை நிறுத்திவிடும். சக்கரத்தைத் தாங்கும் கை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உயிர் இருக்கலாம். படுக்கையாகவோ மேல்நோக்கியோ இருந்தால் ஆக்சிலை மாற்ற வேண்டும்.

பழைய கேஸ் சிலிண்டரை அப்படியே வைத்துக்கொள்ள நினைத்தாலும் பெரும்பாலும் முடியாது. அளவுக்கு மேல் நிரம்புவதைத் தடுக்கும் வால்வு இல்லாத சிறு சிலிண்டர்களை 2002 ஏப்ரலிலிருந்து அமெரிக்காவில் நிரப்பித் தருவதில்லை. 1933 முதல் 1957 வரை செய்யப்பட்ட செர்வெல் கேஸ் ஃபிரிட்ஜ்கள் கார்பன் மோனாக்சைடு கக்கக்கூடியவை என்று நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அன்றைய வண்டியில் கிடையாது. எவ்வளவு கடுமையான மீட்பாளரும் இவற்றைச் சேர்ப்பதை எதிர்ப்பதில்லை. அலாரத்தை அலமாரிக்குள் ஒளித்து வைப்பவர்கள் மட்டும் சிலர் உண்டு, அது ஆபத்து.

காகிதம் பற்றி ஒரு சொல். 17 எழுத்து வண்டி எண் முறை 1981இல்தான் சீரானது. அதற்கு முந்தையவற்றில் எண் இழுகம்பியில் பொறித்தோ தகட்டில் அடித்தோ இருக்கும். துருவில் மறைந்தும் இருக்கும். உரிமைப் பத்திரம் இல்லாத வண்டிக்கு என்ன செய்வது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதை வாங்குமுன் கேட்க வேண்டும். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை அனுமதிக்காத தனியார் முகாம்களும் உண்டு. அழகாகப் புதுப்பித்திருந்தால் படத்தைப் பார்த்து விதியைத் தளர்த்துவார்கள். அந்த வகையில் கை வைக்காதவர்களுக்கே நஷ்டம்.

தீராதவை

எந்த வழி பணத்துக்கு நல்லது என்பதற்கு நம்பத்தக்க விடை இல்லை. பளிச்சென்று விற்றவை மட்டுமே பேசப்படுகின்றன. பாதியில் நின்று தார்ப்பாய்க்குள் கிடப்பவை கணக்கில் வருவதில்லை. இதுவரை செய்யப்பட்ட ஏர்ஸ்ட்ரீம்களில் பெரும்பகுதி இன்னும் ஓடுகிறது என்று அடிக்கடி சொல்லப்படுவதையும் இதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். பிடுங்கிக் கட்டியவை ஐம்பது ஆண்டு தாங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது. அவற்றின் வயது போதாது. மழையில் நாற்பது ஆண்டு நின்றும் ஒரு சட்டம் உளுக்காமல் இருக்கிறது, பக்கத்தில் நின்ற அதே ஆண்டு வண்டி மண்ணாகிறது. எதில் வேறுபட்டன என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பதிவுகள் குறைவு.

இன்றைய நிலையில் ஒரு தீர்ப்பு சொல்லலாம். தரைக்குக் கீழே பாதுகாப்பே முதன்மை. அங்கே அசலுக்காக எதையும் விட்டுவைக்க நியாயமில்லை. தரைக்கு மேலே, நீர் புகாத, சட்டம் திடமான வண்டியில் கை வைக்காதவர்களின் வாதம் மற்ற இரண்டையும்விட வலுவானது. அப்படிப்பட்டவை மிகக் குறைவு. கழற்றிவிட்டால் மறுபடி செய்ய முடியாது. மற்றவற்றை எப்படிக் கட்டுவது என்பது உரிமையாளரின் விருப்பம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும்: கழற்றும் ஒவ்வொரு சுவரையும் கழற்றுமுன் படம் எடுங்கள், சட்டங்களை அளந்து எழுதுங்கள், துணியிலும் பெயிண்டிலும் ஒரு துண்டை உறையில் போட்டு வண்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். மூடிப்போன ஆலைகளின் வண்டிகளைப் பற்றி அடுத்து வாங்குபவருக்குக் கிடைக்கும் ஒரே ஆவணம் அதுவாக இருக்கலாம்.